பேனல் அண்ணன்

யாங்கோன் அனவ்ரதா சாலையில் காளியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் டைப்பிங், பிரிண்டிங் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். கணினியில் லினக்ஸ் போட்டிருப்பார். வேலை செய்வதற்கென்று போட்டதல்ல, அலங்கரிப்பதற்கு.

2011 ஏப்ரலில் லினக்ஸ் டெஸ்க்டாப்பான குனோம் 3 வந்து, திரை ஓரத்துப் பட்டையான பேனலில் வலது கிளிக் செய்து வேண்டியதைச் சேர்க்கும் வசதியைப் பறித்துக்கொண்டதைப் பற்றி அண்ணன் இன்றும் பேசுவார், சொத்தில் பங்கு தராத பெரியப்பாவைப் பற்றிப் பேசுகிற தொனியில். அந்தக் கோபத்தில் பிறந்த மாட்டே என்ற டெஸ்க்டாப்பில் கொஞ்ச காலம் குடியிருந்துவிட்டு, கடைசியில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொன்றுக்கு வந்து சேர்ந்தார். அதன் சின்னம் எலி. பிள்ளையார் வாகனம் ஆயிற்றே, கைவிடாது என்பார்.

2019 அக்டோபரில் நாடே ஜவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது, மற்ற கடைக்காரர்கள் பழைய ஃபைல்களை மாற்றித் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அண்ணன், பேனலில் கிழமையைக் காட்ட எந்த பர்மிய எழுத்துரு அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரமும் இரண்டு வைத்திருந்தார், ஒன்று யாங்கோனுக்கு, மற்றொன்று சென்னைக்கு. வித்தியாசம் சரியாக ஒரு மணி நேரம். கூட்டிக் கழிக்கத் தெரியாதவரா என்றால், கல்லாவில் அவரிடம் ஐம்பது சாட் ஏமாற்ற முடியாது.

பிறகு சென்னையைத் தூக்கிவிட்டார். இரண்டு இருந்தால் நடு எது?

நடு என்பதுதான் அவருடைய தீராத வியாதி. எக்ஸ்எஃப்சிஇ பேனலில் கடிகாரம் நடுவில் நிற்க வேண்டுமானால், இரு பக்கமும் ஒவ்வொரு பிரிப்பானை வைத்து, விரியும்படி டிக் அடித்து, கண்ணுக்குத் தெரியாமல் ஆக்க வேண்டும். அப்போதும் அது நடு இல்லை. இடது பக்க மெனு ஓர் அகலம், வலது பக்க ஐகான்கள் வேறு அகலம். அதைச் சரிக்கட்ட, யாரும் அழுத்தாத ஒரு பட்டனை இடது பக்கம் போட்டார். மின்வெட்டிலும் விடவில்லை, லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை ஸ்கேலை வைத்துத் திரையை அளந்தார். ஒருவழியாக நடு அமைந்தது.

வந்தது வினை. யாராவது பிரிண்ட் கொடுத்தால் அறிவிப்புப் பகுதியில் பிரிண்டர் ஐகான் எட்டிப்பார்க்கும். உடனே கடிகாரம் இடது பக்கம் நகரும். பிரிண்ட் முடிந்ததும் திரும்பி வரும். கல்யாண சீசனில் அந்தக் கடிகாரம் நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“அண்ணே, பத்திரிகை நூறு அடிக்கணும். இன்னைக்கே வேணும்.”

“நூறா? பக்கத்துக் கடைக்குப் போ தம்பி. அங்க விண்டோஸ்தான். கடிகாரம் மூலையில கிடக்கும், அவனுக்கு ஒரு கவலையும் இல்ல.”