மரமீன் வாத்தியார்

பழைய வியட்நாமில் 'ஓங் டோ' எனப்பட்ட வாத்தியாரைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கறுப்புத் தலைப்பாகை, சாயம் போன நீள அங்கி, விரலில் வளர்த்த நகம். கலப்பை பிடிக்காத கை என்பதற்கு அந்த நகம்தான் சாட்சி. கன்பூசியஸ் சொன்னதெல்லாம் மனப்பாடம்; அரிசிப் பானையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

நிகே ஆன் மாகாணத்து வாத்தியார்களைப் பற்றி ஒரு கேலிக்கதை உண்டு. அரசு உத்தியோகத்துக்கான பரீட்சைக்கு நடந்து போகிறவர், மூட்டைக்குள் மரத்தில் செதுக்கிய மீன் ஒன்று வைத்திருப்பாராம். வழியில் சோற்றுக்கடையில் வெறும் சோறு வாங்குவார். மரமீனைத் தட்டில் கிடத்தி, ஓசியில் கிடைக்கும் மீன்சாற்றை அதன் தலையில் ஊற்றுவார். சாற்றைத் தொட்டுத் தொட்டுச் சோறு இறங்கும். பக்கத்தில் இருப்பவனுக்கு ஐயா மீனோடு சாப்பிடுகிறார் என்று தோன்றும். முடிந்ததும் மீனைத் துடைத்து மூட்டையில் போட்டுக்கொள்வார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதே மீன்தான். பசியை மறைக்க இவ்வளவு சிரமப்பட்டவர், அதில் பாதியைச் சம்பாதிப்பதில் பட்டிருக்கலாம். ஆனால் அது கௌரவக் குறைச்சல்.

மாகாணப் பரீட்சை மூன்று வருடத்துக்கு ஒருமுறை. கூடாரத்தையும் மூங்கில் கட்டிலையும் தாமே சுமந்து போய், மைதானத்தில் அடித்து உட்கார்ந்து எழுத வேண்டும். அரச குடும்பத்தார் பெயரில் வரும் எழுத்தைத் தவறிப்போய் எழுதினால் தொலைந்தது. நுயென் கோங் திரூ என்பவர் அந்தப் பரீட்சையில் முதலாவதாகத் தேறியது 1819இல், நாற்பது வயது தாண்டிய பிறகு. அவரைக் காட்டியே எத்தனை பேர் வீட்டில் இன்னொரு மூன்று வருடத் தவணை வாங்கினார்களோ!

தவணை கொடுத்தவள் மனைவி. நாம் டின் ஊர்க் கவிஞர் தூ சுவோங் எட்டு முறை பரீட்சைக்குப் போனார். கிடைத்ததெல்லாம் 1894இல் கடைநிலைப் பட்டம் ஒன்று, அதற்கு உத்தியோகம் வராது. அவருடைய மனைவி ஆற்றங்கரையில் அரிசி வியாபாரம் செய்து, பிள்ளைகளோடு அவருக்கும் சோறு போட்டார். கவிஞர் நேர்மையானவர், தம்மையும் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணியே கவிதை எழுதிவைத்தார். மற்ற ஐயாமார்கள் அந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை. படித்தவன், உழவன், கைவினைஞன், வியாபாரி என்று சமூகத்தை வரிசைப்படுத்தி, தாம் முதலில் நின்றுகொண்டார்கள். கடைசியில் நின்றவளின் அரிசியைத் தின்றுவிட்டுத்தான் வியாபாரம் இழிதொழில் என்று பாடம் நடத்தினார்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் வடக்கே 1915லும் ஹுவேயில் 1919லும் பரீட்சைகள் நின்றன. தூரிகை மட்டும் மிஞ்சியது. புதுவருடத்துக்கு முன் ஐயா நடைபாதையில் பாய் விரித்து, சிவப்புத் தாளில் மங்கல வரிகள் எழுதி விற்க உட்கார்ந்தார். ஹனோயின் இலக்கியக் கோயிலருகே இன்றும் டெட் என்னும் புதுவருடப் பண்டிகைக்குத் தூரிகைக்காரர்கள் கூடுகிறார்கள். இளைஞர்கள் வரிசையில் நின்று ஒற்றை எழுத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். ஐயாவும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார், மறக்காமல் எண்ணிப் பார்த்து.