இடுப்பிலிருந்து மூக்குக்கு ஒரு பைபாஸ்

கேள்வி: சிறுநீரகப் புற்றுநோய் மூக்குக்கும் பரவுமாமே? இடுப்பு எங்கே, மூக்கு எங்கே! (ஒரு வாசகர், சேலையூர்)

பதில்: பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறுகிற லாரி, குரோம்பேட்டை நெரிசலைப் பார்க்காமலே மதுரவாயல் போய்விடுகிறதே, அப்படித்தான். சிறுநீரக ரத்தம் முறைப்படி இதயம் வழியாக நுரையீரலுக்குப் போகும். உதிர்ந்த புற்றணுக்கள் பலவும் அந்தச் சல்லடையில் சிக்கும். ஆனால் முதுகெலும்பையொட்டி வால்வே இல்லாத சிரைப் பின்னல் ஒன்று உண்டு. 1940இல் பேட்சன் என்ற உடற்கூறியல் நிபுணர் விளக்கியது. இருமினாலும் முக்கினாலும் அதில் ரத்தம் எதிர்த்திசையில் ஏறும். நுரையீரலில் ஒன்றுமில்லாமல் சைனஸில் கட்டி முளைப்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். கழுத்துக்குக் கீழிருந்து மூக்குக்கு வரும் புற்றுகளில் சிறுநீரகத்துக்கே முதலிடம்.

அதற்காக, மூக்கில் ரத்தம் வந்தவரெல்லாம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். இது வெகு அபூர்வம். வறண்ட காற்றும் சொந்த விரலுமே வழக்கமான குற்றவாளிகள். ‘கிட்னியைத்தான் அப்போதே எடுத்தாச்சே’ என்று மட்டும் வாதாடாதீர்கள். இந்தப் புற்று பத்து வருஷம் கழித்தும் தலைகாட்டும். ஒரே பக்கம் அடைப்பும் ரத்தமும் விடாதிருந்தால், இ.என்.டி. டாக்டரிடம் பழைய ஆபரேஷனையும் சொல்லுங்கள். ரத்தக்குழாய் மண்டிய கட்டி இது; ஸ்கேன் பார்க்காமல் கிள்ளினால் மெட்ரோ வாட்டர் குழாய் உடைந்த கதைதான். கிள்ளிய துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், அணுக்கள் பெரும்பாலும் உள்ளே காலியாகத் தெரியும். அவற்றிலிருந்த கொழுப்பும் கிளைக்கோஜனும் பதப்படுத்தும்போது கரைந்துபோயிருக்கும். மூக்கில் குடியேறியும் சொந்த ஊர் ஜாடை போகவில்லை, பாருங்கள்!