ரவுண்டானா கணக்கு

நம் நகரங்களின் ரவுண்டானாக்களில் நெரிசலே கிடையாது. நம்பவில்லையா? திட்ட அறிக்கையைப் புரட்டுங்கள். கொள்ளளவு மணிக்கு இத்தனை, வருகிற வண்டி இத்தனை, மிச்சம் இத்தனை என்று அட்டவணை பளபளக்கும். நீங்கள் அரை மணி நேரம் புகை குடித்தது உங்கள் சொந்த விவகாரம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? வார்ட்ராப் என்ற ஆங்கிலேயர் 1957-ல் சூத்திரம் ஒன்று சொன்னார். ரவுண்டானாவுக்குள் வண்டிகள் பின்னிப் பிரியும் பகுதியின் அகலம், நீளம், நுழைவின் அகலம், பின்னுகிற வண்டிகளின் விகிதம். போட்டால் விடை. 1966-ல் பிரிட்டன் விதியை மாற்றியது: உள்ளே சுற்றுகிறவனுக்கே முன்னுரிமை, வெளியே நிற்பவனே, பொறு. பின்னல் கணக்கின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டது. 1980-ல் கிம்பர் என்பவர் நுழைவாயில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு கொடுத்தார்.

நடுவில், 1976-ல், இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் நமக்கு ஐஆர்சி 65 என்ற வழிகாட்டு நூலைத் தந்தது. எந்தச் சூத்திரம்? வார்ட்ராப்பேதான். அது திருத்தப்பட்டது 2017-ல். நாற்பத்தொரு வருடம். அதற்குள் தெருவில் மாட்டுவண்டி போய் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. சூத்திரம் மட்டும் அசையவில்லை.

அந்தச் சூத்திரத்தில் ஒரு வித்தை உண்டு. பின்னல் பகுதி 12 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம், நுழைவு 8 மீட்டர், பத்தில் ஏழு வண்டி பின்னுகிறது என்று வையுங்கள். மணிக்குச் சுமார் 3,300 கார். அகலத்தை 14 ஆக்குங்கள். ஏறக்குறைய 200 கார் கூடும், காகிதத்தில். சாலையில் அந்த இரண்டு மீட்டரில் முதலில் வருவது இளநீர் வண்டி. பிறகு ஆட்டோ ஸ்டாண்ட். பிறகு தலைவரின் பிறந்தநாள் பேனர்.

விதி இல்லாமலா? சாலை விதிமுறைகள் 1989-லேயே வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிடச் சொல்லிவிட்டன. நம்மூரில் ஹாரன் பெரிதாக இருப்பவருக்கே வழி. மூன்று தடம் என்று வெள்ளைக் கோடு போடுகிறார்கள். ஐந்து வரிசை போகிறது. கணக்கு தோற்றதும் ரவுண்டானாவிலேயே சிக்னல். அதுவும் தோற்றால் வட்டத்தை இடி, பாலத்துக்கு டெண்டர் விடு. முதல் கணக்குப் போட்டவரின் பில் அதற்கு வெகு முன்பே பாஸாகியிருக்கும்.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றும் பழைய ஐஆர்சி அட்டவணையில் பேருந்து 2.8 கார். அறுபது பேர் நசுங்கிப் போனாலும் 2.8. தனியாளாக ஏசியில் போகிறவர் 1. சைக்கிளுக்கு அரை. மாட்டுவண்டிக்குக்கூட 4 முதல் 6. நடந்து போகிறவருக்குச் சூத்திரத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

அடுத்த அறிக்கையில் கையெழுத்திடப்போகும் ஐயா, ஒரு வேலை செய்யுங்கள். மாலை ஆறு மணிக்கு, கையில் காய்கறிப் பையோடு, உங்கள் ரவுண்டானாவை நடந்தே கடந்து காட்டுங்கள். போலீஸ் துணை இல்லாமல்.