எழுத்துவழிச் சொல்தேடல்: ஆங்கில மொழியை முன்வைத்து ஓர் ஆய்வு

எழுத்துவழிச் சொல்தேடல் என்பது, தரப்பட்ட எழுத்து அல்லது எழுத்துகள் அமைந்த ஆங்கிலச் சொல்லைக் கண்டறியும் முயற்சி. பொருள் தெரிந்து சொல்லைத் தேடுவது கவிஞர் தொழில். சொல் தெரிந்து பொருளைத் தேடுவது மாணவர் தொழில். இத்துறை இரண்டிலும் சேராது. அகப்பட்ட சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல்லாக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. 2024-இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் அதே தகுதியோடு வென்றார்.

எழுத்து நிற்கும் இடத்தை வைத்துத் தேடலை முதல், இடை, கடை என மூன்றாகப் பகுக்கலாம். முதலெழுத்துத் தேடல் ஆய்வுக்கு உரியதன்று. அகராதி கையில் இருக்கும்வரை அதில் வீரம் ஏதும் இல்லை. கடையெழுத்துத் தேடலுக்கு ஜான் வாக்கர் 1775-இலேயே வழி செய்துவிட்டார். சொற்களை வாலிலிருந்து தலைநோக்கி வரிசைப்படுத்திய அவருடைய அகராதி, இயைபுக்குத் திண்டாடிய கவிஞர்களுக்கு ஊன்றுகோலானது. மனிதரைச் சோதிப்பது இடையெழுத்துதான். மூன்றாவது கட்டத்தில் கே, ஏழாவதில் ஈ என்று குறுக்கெழுத்து கேட்கும்போது சாதாரண அகராதி எதுவும் கைகொடுப்பதில்லை. 1973-இல் பெல் ஆய்வகத்தின் கென் தாம்ப்சன் எழுதிய கிரெப் என்ற நிரல் இதையும் நொடிப்பொழுது வேலையாக்கிவிட்டது. இத்துறையில் நேர்மை என்பது விவாதப் பொருளானது அதன் பிறகுதான்.

எழுத்துகளுக்கு விலை வைத்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனதும், நியூயார்க் டைம்ஸ் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். (வேலையில் இருப்பவருக்கு இப்படியோர் ஆய்வு வாய்ப்பது அரிது.) அதிலிருந்து உருவான ஆட்டத்துக்கு 1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் ஸ்கிராபிள் என்று பெயரிட்டார். ஆட்டத்தின் 100 வில்லைகளில் 12 ஈ. ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. க்யூ ஒன்றே ஒன்று; அதற்கு 10.

இந்தக் க்யூவைத் தனியே ஆராய வேண்டும். பழைய ஆங்கிலத்தில், அரசியைக் குறிக்கும் குயீன் என்ற சொல்லையே சி, டபிள்யூ என்று தொடங்கித்தான் எழுதினார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அவர்கள் வழிவந்த எழுத்தர்கள் அதைக் க்யூ, யூ என்று மாற்றினார்கள். அன்றுமுதல் யூ துணையில்லாமல் க்யூ வாசற்படி தாண்டுவதில்லை. ஸ்கிராபிளிலோ யூ நான்குதான். நான்கும் பலகைக்குப் போனபின் வந்து சேரும் க்யூ, ஆட்டம் முடியும்வரை கையில் தங்கினால் 10 புள்ளியைத் தின்றுவிடும்.

இந்த நெருக்கடியில் இங்கிலாந்து உதவுவதில்லை. ஏமன்காரர்கள் மெல்லும் காட் இலையும், ஈரானின் நிலத்தடிக் கால்வாயான கனாத்தும், எபிரேய நெடுங்கணக்கின் கோஃபும் யூ இல்லாத க்யூவோடு வந்து நிற்கின்றன. பக்கிரியும் தலாக்கும் கவ்வாலியும் ஆங்கில எழுத்தில் அதே குடும்பம்தான். சீனர்கள் உயிராற்றலைக் குறிக்கும் சொல் ஒன்று, சீ என்று ஒலித்து க்யூ, ஐ என்று எழுதப்படுவது, 2006-இல் வட அமெரிக்க ஆட்டப் பட்டியலில் ஏறியது. இரண்டே எழுத்தில் 11 புள்ளி. உயிராற்றல் பற்றி எந்த நினைப்பும் இல்லாதவர்கள் நாள்தோறும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சொல்லின் முதலிலும் இறுதியிலும் எந்தெந்த எழுத்து வரலாம் என்று தமிழிலக்கணம் நூற்பா போட்டு வரையறுத்திருக்கிறது. ஆங்கிலம் அதை முட்டி மோதி அறிந்துகொள்ளும்படி விட்டுவிட்டது. சொல் ஜே ஒலியில் முடிந்தால் ஜி, ஈ என்றோ, டி, ஜி, ஈ என்றோ எழுதுவது ஆங்கில வழக்கம். ஜேயை இறுதியில் விடாது. வியில் முடிவதிலும் அதே கூச்சம்: லவ், கிவ், ஹேவ் மூன்றும் பின்னால் ஓர் ஊமை ஈயை இழுத்துக்கொண்டு திரிகின்றன. எனவே ஜேயில் முடியும் சொல் தேடுவோர் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். ராஜ், தாஜ், ஸ்வராஜ் இங்கே கிடைக்கும். வெள்ளையர் ஆண்டதற்கு ஒரு சொல், அவர்களை அனுப்பிவைத்ததற்கு ஒரு சொல். இரண்டையும் அவர்கள் மொழியின் ஆட்டத்திலேயே வைக்கலாம்.

உயிரெழுத்து இல்லாத சொற்களில் ரிதம் புகழ்பெற்றது. ஆறு எழுத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதுவும் கிடையாது. ஒய்யும் கூடாது என்ற கடும்போக்கினர் வேல்ஸ் நாட்டுக்குப் போய், மலைக்குடைவைக் குறிக்கும் கூம், வில்லால் மீட்டும் குரூத் என்ற இரண்டையும் கொண்டுவருகிறார்கள். வேல்ஸ் மொழியில் டபிள்யூவே உயிரெழுத்து என்பதை அவர்கள் சபையில் சொல்வதில்லை. மாறாக, ஐந்து உயிரும் வரிசை மாறாமல் வரும் சொல் ஆப்ஸ்டீமியஸ்: உணவிலும் குடியிலும் அடக்கமுள்ளவர் என்று பொருள். வரிசை தலைகீழாக வருவது சப்கான்டினென்டல். துணைக்கண்டத்துக்கு உரியது என்று பொருள்படுவதால் அதுவும் ஏறக்குறைய நம்முடையதே. ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டத்தில் பலர் நான்கு உயிர் இருக்கிறதென்று முதலில் இடும் அடியூ, பிரெஞ்சுக்காரர் விடைபெறும் சொல்.

எழுத்தைத் தேடுவதற்குப் பதில் தவிர்ப்போரும் உண்டு. எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939-இல் வெளியிட்ட காட்ஸ்பி நாவலில், ஏறக்குறைய 50,000 சொற்களுக்கு ஈயைத் தவிர்த்தார். தட்டச்சுப் பொறியில் அந்த எழுத்தைக் கட்டிப்போட்டு எழுதினார். ஆயினும் அட்டையில் அவர் பெயருக்குள் இரண்டு ஈ. பிரெஞ்சில் 1969-இல் அதே விரதம் இருந்த ஜார்ஜ் பெரெக்கின் பெயரில் நான்கு.

கிடைத்த சொல் செல்லுமா என்பது அகராதியைப் பொறுத்தது. வட அமெரிக்காவுக்கு ஒரு பட்டியல், மற்ற பெரும்பாலான நாடுகளுக்குக் காலின்ஸ் பட்டியல். ஒன்றில் செல்லுபடியாவதெல்லாம் மற்றதிலும் செல்லுபடியாகும் என்பதில்லை. எந்த அகராதி என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கும் விதித்தாள் சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் முதலில் தொலைவது அந்தத் தாள்தான்.