சாலொமோன் விசாரிக்காத வழக்கு

கேள்வி: ஞானத்தை வரமாகக் கேட்டுப் பெற்ற சாலொமோனே முதுமையில் வழிதவறினார் என்றால், எளிய விசுவாசி ஞானத்துக்காக ஜெபிப்பதால் என்ன பயன்?

பதில்: பெரும்பயன் உண்டு, ஆனால் ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளன்று ஞானம். கிபியோனில் ஆயுளையும் செல்வத்தையும் விட்டு, நன்மை தீமையைப் பகுத்தறியும் உள்ளத்தையே கேட்ட அந்த இளம் அரசர், ஒரே குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோரிய வழக்கை வாளைக் கொண்டுவரச் சொல்லியே தீர்த்தார். தம் வழக்கையோ விசாரணைக்கே எடுக்கவில்லை. மோசேயின் ஐந்தாம் நூலாகிய உபாகமம், அரசன் குதிரைகளையும் மனைவியரையும் வெள்ளி பொன்னையும் பெருக்கலாகாது என்றும், திருச்சட்டத்தைத் தனக்கெனப் படியெடுத்து வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்றும் விதித்திருக்க, அவர் அம்மூன்றையும் பெருக்கியதோடு, 700 மனைவியரும் 300 மறுமனையாட்டிகளும் தம் உள்ளத்தை வேற்றுத் தெய்வங்களின்பால் திருப்ப இடங்கொடுத்தார். விவிலியம் மதிகேடு என்று சொல்வது பெரும்பாலும் அறியாமையை அன்று, அறிந்தும் கீழ்ப்படிய மறுக்கும் பிடிவாதத்தையே ஆகும். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் முதியோரிடம் ஆலோசனை கேட்கத்தான் செய்தார். கேட்டபின் அதைத் தள்ளிவிட்டுத் தம்மோடு வளர்ந்த இளைஞரின் சொல்லைப் பின்பற்றியதால் பத்துக் கோத்திரங்களை இழந்தார். ஆகவே ஞானத்துக்காக ஜெபிப்பவர், தாம் முன்னரே முடிவுசெய்துவிட்ட காரியத்தையும் கடவுள்முன் மறுபடி விசாரணைக்கு வைப்பாராக.