உறுமும் மோட்டாரும் உயர்ந்த சட்டப் பிரச்சினையும்

புதுதில்லியில் எழுந்தருளியிருக்கும் தேசிய நுகர்வோர் தகராறு தீர்வு ஆணையத்தின் சமூகத்துக்கு, பெரம்பலூர் மாவட்டம் செட்டிக்குளத்தில் சின்ன வெங்காயம் பயிரிட்டு ஜீவனம் செய்யும் அடியேன் சாஷ்டாங்கமாக எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

அடியேன் வாங்கிய கிணற்று மோட்டார் உறுமுகிறது; தண்ணீர் ஏறவில்லை. பழுது மோட்டாரில் இல்லை, கரண்டில்தான் என்று விற்ற கம்பெனி சாதித்தது. அதே கரண்டில் பக்கத்து வயல் மோட்டார் வாய்க்கால் நிறையத் தண்ணீர் கொட்டுவதைச் சுட்டிக்காட்டி, ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை என்பதாலும் வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை என்பதாலும், அடியேனே மாவட்ட ஆணையத்தில் கைகட்டி நின்று வாதாடிப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு உத்தரவு பெற்றேன். கம்பெனி 45 நாள் கெடுவுக்குள் பாதித்தொகையைக் கட்டி மாநில ஆணையத்துக்கு ஏறி, அங்கும் தோற்றது. (1986ஆம் வருஷத்துச் சட்டத்தில் பாதி அல்லது 25,000 ரூபாய், இரண்டில் குறைந்ததைக் கட்டினால் போதும், 2019ஆம் வருஷத்துச் சட்டத்தில் பாதியேதான். அடியேன் கணக்குக்கு இரண்டும் ஒன்பதாயிரமே. மோட்டார் விற்பவருக்கு அது ஒரு பொருட்டா?)

இனிமேல் சமூகத்திடம் வர வேண்டுமானால் முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தாக வேண்டும், அதை மனுவிலேயே துல்லியமாக எழுதியும் காட்ட வேண்டும் என்று சட்டம் வாசலைக் குறுக்கி வைத்திருப்பது உத்தமமான காரியம். மாநில ஆணையங்களின் உத்தரவுகளைச் சீராய்வு செய்யும் அதிகாரமும் குறுகியதே என்று 2011இல் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. களத்தில் ஒருமுறை தூற்றி எடுத்த தானியத்தை மேலே மேலே கொண்டுபோய்த் தூற்றிக்கொண்டே இருந்தால் பதர் குறையுமோ என்னவோ, தூற்றக் கொடுத்தவன் பட்டினி கிடப்பது நிச்சயம்.

ஆனால் குறுகிய வாசலுக்கு ஏற்றபடி உடம்பை ஒடுக்கிக்கொள்ளும் வித்தையைக் கம்பெனி வக்கீல் நன்கு அறிவார். மோட்டார் ஓடவில்லை என்றால் அது வெறும் சங்கதி. "இயங்குதல் என்னும் சொல்லில் உறுமுதலும் அடங்குமா" என்று கேட்டால் அதுவே சட்டப் பிரச்சினை என்பது அவர் கண்டுபிடிப்பு. அவ்வாறு ஏறிவந்து சமூகத்திலும் தோற்றாலும் அவர் கலங்கமாட்டார். மேல்முறையீட்டில் சமூகம் பிறப்பிக்கும் உத்தரவை அரசியலமைப்பின் 227ஆவது ஷரத்தின்கீழ் உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 2022இல் தீர்ப்பாகியிருக்கிறது. அது மேற்பார்வை மாத்திரமே, மேல்முறையீடு அல்ல என்பார்கள். வரப்பில் நின்று மேற்பார்வை பார்க்க வந்தவர் மண்வெட்டியைக் கையில் எடுக்காமல் திரும்பியதை அடியேன் இதுவரை கண்டதில்லை.

ஜயங்கொண்டத்து மைத்துனர் இதைக் கேட்டுச் சிரித்தார். "2001இல் எங்கள் அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள், 2002இல் உங்களோடு திரும்பச் சேர்த்தார்கள், 2007இல் மறுபடியும் பிரித்தார்கள். ஒரு மாவட்டமே இறுதித் தீர்ப்புக்கு ஆறு வருஷத்துக்குமேல் காத்திருந்தது, மச்சான். உங்கள் மோட்டாருக்கு என்ன அவசரம்?"

அவசரம் வெங்காயத்துக்கு. மோட்டாரைத் தில்லிக்கே தூக்கிவந்து போட்டுக்காட்டலாம் என்று முதலில் நினைத்தேன். அதன் உறுமலைச் சமூகம் செவிசாய்த்துக் கேட்டால் அது சங்கதி விசாரணையாகிவிடும் என்று மைத்துனர் தடுத்துவிட்டார். ஆகவே மோட்டார் திண்ணையிலேயே இருக்கட்டும். உறுமுதலைப் பற்றிய மனு வந்தால், தயவுசெய்து முதல் பக்கத்தோடே திருப்பியனுப்பிவிடுங்கள். நாற்றுக்கு நாலாம் தண்ணீர் விட நாளாகிவிட்டது.