கட்டைவிரல் சார்

"ஞாயிறு காலை 7 மணிக்கு சம்ப் கழுவணும், யார் யார் வர்றீங்க?" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட மறுநிமிடமே ஒரு மஞ்சள் கட்டைவிரல் எழுந்து நிற்குமே, அவரேதான். ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷோடு சம்ப்புக்குள் இறங்குகிறவர்கள் செயலாளரும் வாட்ச்மேனும் மட்டும். கட்டைவிரல் சார் எட்டரை மணிக்குக் குழுவுக்கு வருவார். கழுவி முடித்த சம்ப்பின் படத்துக்கும் ஒரு விரலை வைத்துவிட்டுப் போவார். வாக்குத் தவறினார் என்று அவரை மடக்கவே முடியாது. வருகிறேன் என்றா சொன்னார்? பார்த்துவிட்டேன், நல்ல யோசனை, நடத்துங்கள், ஆண்டவன் துணையிருப்பான் என்று எந்தப் பொருளுக்கும் அந்த விரல் பொருந்தும். 2022 மே மாதம் வாட்ஸ்அப் இந்த வசதியை ஆறு சின்னங்களோடு கொண்டுவந்தது. இதயம், சிரிப்பு, வியப்பு, கண்ணீர், கும்பிடு எல்லாம் வரிசையில் இருந்தும் சார் கட்டைவிரலை விட்டு நகரவில்லை. மற்ற ஐந்துக்கும் ஏதாவது ஓர் உணர்ச்சி தேவைப்படுகிறதே!

இப்படிப்பட்டவர்கள் எந்தக் காலத்தில்தான் இல்லை, செல்போனை ஏன் திட்டவேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து, 1913இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் தனியாக இழுக்கும்போது காட்டிய பலத்தில் ஆளுக்குப் பாதிதான் தேறியது. ஒரே நேரத்தில் இழுக்கத் தெரியாததால் வந்த நட்டம் அது என்று சிலர் வக்காலத்து வாங்கினார்கள். 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் நிற்பவர்களை இழுப்பதுபோலப் பாவனை மட்டும் செய்யச் சொன்னார்கள். கூட ஆள் இருக்கிறது என்ற நினைப்பே போதும், அவர் இழுப்பது குறைந்துவிட்டது. தேர் வடத்தில் கைவைத்தவர் எல்லாரும் இழுப்பதில்லை என்பது நமக்கும் தெரிந்ததுதான். ஆனால் வடத்தைத் தொடவாவது ஆள் வீதிக்கு வரவேண்டியிருந்தது. சங்கக் கூட்டம் மொட்டைமாடியில் நடந்த நாளில் சாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தாக வேண்டும். அந்த டீ பாதியில் இருக்கும்போதே, "சார், மோட்டார் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்ற பொறுப்பு உங்களோடது" என்று தலையில் கட்டிவிடலாம். நாலு பேர் முன்னால் எப்படி மறுப்பார்? குழு வந்தபிறகு சோம்பல் கூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சோம்பேறியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் இடம் போய்விட்டது என்கிறேன். சம்மதம் சொல்லக் காசும் வேண்டாம், நேரமும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம் என்றானபிறகு, அந்தச் சம்மதத்தை நம்பி எத்தனை பிரஷ் வாங்குவது?

விரல் இல்லாவிட்டால் குழு முழுக்க ஐம்பது 'ஓகே' கொட்டிக்கிடக்கும், அதற்கு இது தேவலை என்பார்கள். "நாளைக்குத் தண்ணி வராது" என்ற செய்திக்கு மட்டும் அது சரி. செய்திக்கும் கேள்விக்கும் வித்தியாசம் பார்க்காததுதான் சாரின் கோளாறு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது மாடித் தாத்தா தினமும் போடும் செம்பருத்திப் படத்தை மொத்தக் குடியிருப்பும் கண்டுகொள்ளாதபோது, ஒரு நாள் தவறாமல் விரல் வைக்கிற ஒரே மனிதர் இவர். அதற்காக எவ்வளவோ பொறுத்துப்போகலாம்.

"ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம்" என்ற செய்திக்கு அதே விரலை வைப்பதைப் பொறுக்க முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவருக்கு ஒவ்வொரு முறை போன் அதிரும்போதும் ஆள் கிடைத்துவிட்டதென்று உயிர் வருகிறது. திறந்தால் கட்டைவிரல். உங்கள் ரத்தம் எந்த வகை சார்? வருகிறீர்களா, இல்லையா? இதற்கெல்லாம் முடிவுகட்டத்தான் வாட்ஸ்அப் 2022 நவம்பரில் வாக்கெடுப்பு வசதியைக் கொடுத்தது. செயலாளரும் 'வருவேன்', 'வரமாட்டேன்' என்று இரண்டே வட்டம் போட்டு அனுப்பினார். சார் எந்த வட்டத்தையும் தொடவில்லை. வாக்கெடுப்பின் அடியில் கட்டைவிரல் வைத்திருக்கிறார்.